கீழாநெல்லியும் ஆய்வுக்கூடமும்: ஒரு சித்த மூலிகைச் சோதனையின் வரலாறு

முன்னுரை

சித்த மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் என்னும் தொடர் ஒரே செயலைக் குறிப்பது போலத் தோன்றினும், அது மூன்று தனித்தனி வினாக்களை உள்ளடக்கியது. சோதனைக்கு வந்த பொருள் நூல் சொல்லும் மூலிகைதானா என்பது முதல் வினா. அது நச்சு உலோகமும் கலப்படமும் அற்றதா என்பது இரண்டாம் வினா. குறித்த நோயை அது தீர்க்கிறதா என்பது மூன்றாம் வினா. முதலிரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மூன்றாவதற்குக் கிடைக்கும் விடை உறுதி பெறும். தமிழகத்திலிருந்து உலக மருத்துவ இதழ்கள் வரை சென்ற கீழாநெல்லியின் வரலாற்றில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது. பயன் 1980களில் சோதிக்கப்பட்டது. தூய்மை 2005ஆம் ஆண்டை ஒட்டிச் சட்டக் கட்டாயமாயிற்று. கடைச்சரக்கின் அடையாளம் 2010இல்தான் மரபணு முறையில் ஆராயப்பட்டது. இந்தத் தலைகீழ் வரிசை எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தவை யாவை என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வினா தமிழகத்தோடு நிற்பதன்று. டொராண்டோவின் வடக்கெல்லையை ஒட்டிய மார்க்கம் நகரிலும் அதன் ஒரு பகுதியான யூனியன்வில்லிலும், 1983க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தமிழர் பெருமளவில் வாழ்கின்றனர். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்னும் அறிவு அவர்களோடு கடல் கடந்தது. அங்குள்ள மருந்துச் சட்டமோ மூலிகையின் தமிழ்ப் பெயரைக் கொண்டு உரிமம் வழங்குவதில்லை; தாவரவியல் பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயரைத் தருவது எளிதன்று என்பதே கீழாநெல்லியின் வரலாறு உணர்த்தும் முதற்செய்தி.

1. நூல் மரபில் கீழாநெல்லியும் காமாலையும்

கீழாநெல்லி, கீழ்க்காய்நெல்லி என்னும் பெயர்கள் செடியின் உருவத்தைச் சுட்டுகின்றன. நெல்லியிலை போன்ற சிற்றிலைகள் அணிவகுத்த காம்பின் அடிப்புறத்தில் சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் அமைந்த காரணப்பெயர் இது. க. ச. முருகேச முதலியாரின் குணபாடம் (மூலிகை வகுப்பு) சித்த மருத்துவ மாணவர் இச்செடியின் குணங்களைப் பயிலும் பாடநூலாக இன்றும் விளங்குகிறது. செடியைப் பசுமையாகப் பறித்து, அரைத்து, பாலிலோ மோரிலோ கலந்து சில நாள் கொடுப்பதும், அந்நாட்களில் பத்தியம் காப்பதும் மக்கள் வழக்கு.

காமாலை என்பது சித்த நூல்களில் ஒற்றை நோயன்று. யூகி வைத்திய சிந்தாமணி அதனை 13 வகையாகப் பகுக்கிறது. கண், தோல், சிறுநீர் ஆகியவற்றின் நிறம், உடல் வீக்கம், வறட்சி, பசியின்மை முதலிய குறிகளே அப்பகுப்பின் அடிப்படை. நவீன மருத்துவம் மஞ்சள் நிறத்தை இரத்தத்தில் பிலிரூபின் மிகுதலின் வெளிப்பாடாகக் கொண்டு, அதற்கான காரணத்தை வைரசு, பித்தநாள அடைப்பு, குருதிச் சிவப்பணு அழிவு எனப் பலவிடத்தில் தேடுகிறது. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஆகிய வைரசுகளால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். எனவே கீழாநெல்லி அருந்தியோர் நலமடைந்தனர் என்னும் தலைமுறை அனுபவம் பொய்யன்று. எனினும் அந்நலத்தில் மூலிகையின் பங்கு எவ்வளவு, நோயின் இயல்பான தணிவின் பங்கு எவ்வளவு என்பதை அவ்வனுபவம் மட்டும் பிரித்துக் காட்ட இயலாது. ஒப்பீட்டுச் சோதனையின் தேவை இங்கேதான் எழுகிறது.

2. சென்னையில் முன்னைய முயற்சிகள்

நாட்டு மருந்துகளை மேலைமுறையில் பதிவு செய்யும் பணி சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒயிட்லா அயின்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல், சரக்குகளின் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தது. அதன் விரிவாக்கம் 1826இல் இலண்டனில் வெளிவந்தது. அந்நூல்களின் நோக்கம் பெயரும் பயனும் திரட்டுதல், சோதித்தல் அன்று.

சோதனை அரசின் கொள்கையானது 20ஆம் நூற்றாண்டில். சென்னை அரசு 1918இல் மருத்துவர் எம். சி. கோமனை நாட்டு மருந்துகளை ஆராய நியமித்தது. அவர் தனிச் சரக்குகளையும் கூட்டு மருந்துகளையும் மருத்துவமனை நோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்து அறிக்கை அளித்தார். நாட்டு மருத்துவ முறைகளின் கோட்பாடுகள் குறித்து அவ்வறிக்கை கூறிய கடுமையான கருத்துகளுக்கு வைத்தியர் சங்கங்கள் மறுப்பு வெளியிட்டன. மருந்தை அதன் நோய்க்கணிப்பிலிருந்தும் பத்தியத்திலிருந்தும் பிரித்துச் சோதித்தல் முறையாகாது என்பது நாட்டு மருத்துவர் தரப்பின் வாதம். இச்சூழலில் 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் குழுவொன்று அமைக்கப்பட்டு, 1923இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. குழுவின் செயலராயிருந்த ஜி. சீனிவாசமூர்த்தி அதன் முதல் தலைவரானார்.

கோமன் விவாதம் எழுப்பிய வினா அன்று தீர்க்கப்படவில்லை. சரக்கைத் தனியே எடுத்துச் சோதிப்பதா, முறையோடு சேர்த்துச் சோதிப்பதா என்னும் அவ்வினா, ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் கீழாநெல்லியின் வழியாக மீண்டும் எழுந்தது.

3. சென்னையிலிருந்து பிலடெல்பியாவுக்கு: 1982–1988

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி ஆகிய இரண்டின் சாறுகளும் ஹெபடைட்டிஸ்-பி வைரசின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதாகக் காட்டியது. அந்த ஆன்டிஜெனைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க் அப்போது பிலடெல்பியாவின் பாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பணியாற்றினார். அவரும் அவருடைய சக ஆய்வாளர் இர்விங் மில்மனும் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிக்கான முறையை 1969இல் வகுத்தவர்கள். நோயைத் தடுக்கும் வழி கண்டவர்களே, ஏற்கனவே வைரசைச் சுமப்போர்க்கு மருந்து தேடி ஒரு தமிழ் மூலிகையிடம் வந்தனர் என்பது இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது.

1987இல் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கீழாநெல்லிச் சாறு வைரசின் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதாக அவர்கள் கண்டனர். அடுத்து, உட்சக் எனப்படும் வட அமெரிக்க விலங்கில் சோதித்தனர். ஒண்டாரியோவின் வயல்களிலும் காணப்படும் அணிற்குடும்பத்து விலங்கான இதற்கு, மனித வைரசையொத்த ஹெபடைட்டிஸ் வைரசு தொற்றும். அண்மையில் தொற்றுற்ற 4 விலங்குகளுக்குச் சாற்றை ஊசிவழிச் செலுத்தியபோது 3 விலங்குகளின் குருதியில் வைரசின் அடையாளங்கள் 3 முதல் 6 வாரங்களுக்குள் மறைந்தன. மருந்து நிறுத்திய பின்னும் 45 வாரங்களுக்கு மேல் அவை திரும்பவில்லை.

மனிதரிடையே நடந்த சோதனையின் முடிவு 1988இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தியாகராஜனும் பிளம்பெர்க்கும் இடம்பெற்ற அக்குழு, சென்னையில் வைரசைச் சுமப்போர்க்கு உலர்த்திய கீழாநெல்லித் தூளை 200 மில்லிகிராம் அளவில் நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தது. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரிடம் (59 விழுக்காடு) மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்திருந்தது. மருந்துப்போலி பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே (4 விழுக்காடு) அது மறைந்தது. சிலர் 9 மாதங்கள் வரை கண்காணிக்கப்பட்டனர்.

இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது இயல்பே. ஹெபடைட்டிஸ்-பி வைரசை நெடுங்காலம் சுமப்போரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் தானே மறைவது அரிது. எளிதாக விளையும் ஒரு செடி ஒரு மாதத்தில் அதனைச் செய்யுமாயின் அதன் பொதுநலப் பயன் அளவிடற்கரியது. எனினும் ஆசிரியர்கள் தம் ஆய்வை முதனிலை ஆய்வு என்றே குறித்தனர். அக்குறிப்பு பின்னர் வந்த போற்றல்களில் பெரும்பாலும் விடுபட்டது.

4. மறுசோதனைகள்: 1990–2011

முதல் மறுப்பு தாய்லாந்திலிருந்து வந்தது. 1990இல் லான்செட்டிலேயே வெளியான அவ்வாய்வு, அறிகுறியற்ற சுமப்போரிடம் பில்லாந்தஸ் அமாரஸ் மேற்பரப்பு ஆன்டிஜெனை நீக்கத் தவறியதாக அறிவித்தது. 1991இல் நெதர்லாந்து ஆய்வாளர்களும், 1994இல் நியூசிலாந்து ஆய்வாளர்களும் சென்னை முடிவைத் தம் நோயாளரிடம் காணவில்லை. 1995இல் சீனத்தில் வெவ்வேறு இடங்களின் மூன்று வகைச் செடிகளை ஒப்பிட்ட ஆய்வு, அவற்றின் விளைவு ஒன்றுபோல் இல்லை என்றும் பில்லாந்தஸ் யூரினேரியா ஒப்பளவில் மேம்பட்டது என்றும் கூறியது.

2011இல் காக்ரேன் கூட்டமைப்பின் திறனாய்வு இவ்வகைச் செடிகள் பற்றிய 16 சோதனைகளை, 1326 நோயாளரை உள்ளடக்கித் தொகுத்தது. அவற்றில் பெரும்பாலானவை மூலிகையை வைரசு எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தவை. சில குருதி அளவீடுகளில் சேர்க்கைக்கு நன்மை தென்பட்டதெனினும், சோதனைகளின் தரக்குறைவு காரணமாக அதனை நம்பிச் சிகிச்சை வகுக்க இயலாது என்பதே திறனாய்வின் முடிவு. மருந்துப்போலியோடு ஒப்பிட்ட சோதனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்மறுப்புகள் சித்த மரபை மறுத்தனவா என்னும் வினா இங்கு எழுகிறது. 1988ஆம் ஆண்டுச் சோதனை நூல் மரபின் கூற்றைச் சோதிக்கவில்லை என்பது கருதத்தக்கது. மரபு சொன்னது காமாலை. சோதனை எடுத்துக்கொண்டது வைரசைச் சுமக்கும் நிலை. சுமப்போரில் பலர்க்குக் கண் மஞ்சளாதல் முதலிய குறி எதுவும் இராது. யூகியின் 13 வகைகளுள் எதிலும் அவர்களைச் சேர்க்க இயலாது. மரபு பசுஞ்செடியை அரைத்துப் பாலில் அல்லது மோரில் கொடுத்தது. சோதனை உலர்தூளைக் கொடுத்தது. ஆகவே சென்னை முடிவு மெய்ப்பட்டிருப்பினும் அது மரபின் வெற்றியாகாது. பின்னைய ஆய்வுகள் தவறியமையும் மரபின் தோல்வியாகாது. ஆய்வுக்கூடம் கேட்டது மரபு கேளாத ஒரு புதிய வினா. மரபு கேட்ட வினாவுக்கு, அதாவது எவ்வகைக் காமாலையில் எந்நிலையில் எம்முறையில் கொடுத்தால் என்ன விளைவு என்பதற்கு, இச்சோதனைகளில் விடை தேடப்படவே இல்லை.

5. பெயரும் இனமும்

1987ஆம் ஆண்டுக் கட்டுரை தான் சோதித்த செடியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றது. 1988ஆம் ஆண்டுக் கட்டுரை பில்லாந்தஸ் அமாரஸ் என்றது. இந்தப் பெயர் மாற்றத்தின் பின்னால் மூன்று நூற்றாண்டுக் குழப்பம் இருக்கிறது.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ், மலையாள நாட்டில் வழங்கிய பெயரைக் கிர்கனெலி எனப் பதிவு செய்தது. கீழாநெல்லி என்னும் சொல்லின் ஒலிவடிவை அதில் உணரலாம். லின்னேயசு 1753இல் பில்லாந்தஸ் நிரூரி என்னும் இனப்பெயரை அமைத்தார். இந்தியத் தாவர நூல்கள் கீழாநெல்லியை அப்பெயராலேயே நெடுங்காலம் குறித்தன. தரங்கம்பாடி மிஷனின் மருத்துவர் கிளைன் திரட்டிய செடியின் அடிப்படையில் பெர்லின் தாவரவியலாளர் வில்டெனோவ் 1805இல் பில்லாந்தஸ் டெபிலிஸ் என்னும் இனத்தை வெளியிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில் திரட்டிய செடியைக் கொண்டு 1827இல் அமாரஸ் என்னும் இனம் வகுக்கப்பட்டது. 1950களில் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது எனத் தெளிவுபடுத்தி, பிராட்டர்னஸ் என்னும் இனத்தையும் பிரித்துக் காட்டினார். 1985இல் மித்ரா, ஜெயின் இருவரும் இந்தியத் தாவர நூல்களில் நிரூரி எனக் குறிக்கப்பட்டது உண்மையில் அமாரஸ், பிராட்டர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்று இனங்களின் கலவை என நிறுவினர்.

இவற்றைப் பிரித்தறிதல் நுண்ணிய பூவுறுப்புகளை நோக்கியே இயலும். அமாரஸின் பூவில் 5 இதழ்களும் பிராட்டர்னஸ், டெபிலிஸ் ஆகியவற்றின் பூவில் 6 இதழ்களும் அமையும். உலர்ந்து நொறுங்கிய கடைச்சரக்கில் இதனைக் காண்பது அரிது. கீழாநெல்லி என்னும் தமிழ்ப் பெயர் சுட்டும் பண்பு, அதாவது இலைக்கீழ்க் காய், இவ்வினங்கள் அனைத்துக்கும் பொது. தமிழ்ப் பெயர் பிழையானதன்று. அது ஒரு பண்பால் அமைந்த குழுப்பெயர். அதனை ஓர் இலத்தீன் இனப்பெயருக்கு நிகராகக் கொண்டதே பிழை.

வேதியியலும் இதனை உறுதி செய்கிறது. கிருஷ்ணமூர்த்தியும் டி. ஆர். சேஷாத்திரியும் 1946இல் இச்செடியின் கசப்புப் பொருளாகிய பில்லாந்தினை ஆராய்ந்து வெளியிட்டனர். பின்னாளில் அமாரஸை அடையாளம் காட்டும் குறிப்பொருளாக அது பயன்படுத்தப்பட்டது. நெருங்கிய பிற இனங்களில் அது இல்லை அல்லது மிகக் குறைவு. இந்திய ஆயுர்வேத மருந்தேடு தாமலகி என்னும் சரக்குக்குப் பிராட்டர்னஸ் இனத்தையே வரையறுத்தது. 2010இல் வெளியான ஆய்வொன்று தென்னிந்தியாவின் 25 கடைகளில் வாங்கிய சரக்கை மரபணு முறையில் சோதித்தது. 76 விழுக்காட்டில் அமாரஸ் முதன்மையாக இருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டில் மதராஸ்படென்சிஸ், டெபிலிஸ், பிராட்டர்னஸ், யூரினேரியா, கோழிக்கோடியானஸ் ஆகிய 5 பிற இனங்கள் காணப்பட்டன.

அமாரஸின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட மருத்துவ மரபு கீழாநெல்லி என்றது இன்று வயலில் மிகுந்து காணப்படும் செடியைத்தானா என்னும் வினா எழும். இதற்கு விடை காண ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. ஏடுகளின் காலம், பாடவேறுபாடு, செடி வருணனை ஆகியவற்றை ஆராயும் தமிழ்ப் புலமை வேண்டும்.

எனினும் இனக்குழப்பத்தை எல்லாத் தோல்விக்கும் விளக்கமாகக் காட்டுதல் நேர்மையாகாது. தாய்லாந்து ஆய்வும் நியூசிலாந்து ஆய்வும் அமாரஸ் என்றே தம் செடியைக் குறித்தன. பெயர் தெளிந்த பின்னரும் 59 விழுக்காடு என்னும் அளவு மீண்டும் எட்டப்படவில்லை.

6. தூய்மையும் சட்டமும்: இந்தியாவும் கனடாவும்

இந்தியாவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சித்த மருந்துகளை மருந்துச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. சட்டத்தின் முதல் அட்டவணை சித்த வைத்தியத் திரட்டு, புலிப்பாணி வைத்தியம் 500, அகத்தியர் பரிபூரணம் 400 முதலிய நூல்களை ஆதார நூல்களாக ஏற்கிறது. அதாவது நூல் கூற்றே இங்குச் சான்று. இந்தியச் சித்த மருந்தேட்டின் முதற்பகுதியின் முதல் தொகுதி 2008இல்தான் வெளிவந்தது. சரக்கின் அடையாளத்தையும் தூய்மையையும் அளவிடும் நெறிகள் அதில் இடம்பெற்றன.

2004இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருப்பதாக அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்டது. 2005இல் கனடாவின் சுகாதாரத் துறையும் எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய அரசு, ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. ஈயத்துக்கு 10, பாதரசத்துக்கு 1, காட்மியத்துக்கு 0.3 என (பத்து இலட்சத்தில் பங்கு) வரம்புகள் வகுக்கப்பட்டன. இவ்வரம்புகள் சரக்கின் செறிவைக் கொண்டவை. கனடாவின் நெறியோ அருந்துபவரின் உடல் எடைக்கும் நாளளவுக்கும் ஏற்பக் கணக்கிடுவது. ஒரே தூள் சிறிதளவு உண்போர்க்கு ஏற்றதாகவும் கைப்பிடியளவு கரைத்துக் குடிப்போர்க்கு ஏலாததாகவும் அமையலாம் என்பதைப் பின்னைய முறை கணக்கில் கொள்கிறது.

கனடாவின் இயற்கை நலப்பொருள் ஒழுங்குவிதிகள் 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. உரிமம் பெற்ற பொருளின் உறையில் 8 இலக்க எண் இருத்தல் வேண்டும். மரபுப் பயன் கோருவோர் குறைந்தது 50 ஆண்டுத் தொடர்ந்த வழக்கிற்குச் சான்று காட்ட வேண்டும். தமிழ் மருத்துவ நூல்கள் இங்குச் சட்டச் சான்றின் நிலையை எட்டக்கூடும். ஆயின் அந்நூல் சொல்லும் செடி எவ்வினம் என்பதையும் அச்சான்றே நிறுவ வேண்டியதாகிறது. மருத்துவரைப் பொறுத்தவரை, ஒண்டாரியோ மாகாணம் சீன மரபு மருத்துவத்தையும் ஓமியோபதியையும் ஒழுங்குபடுத்திய தொழில்களாக ஏற்றிருக்கிறது. சித்த மருத்துவம் அப்பட்டியலில் இல்லை. ஆதலால் யூனியன்வில்லில் ஒருவர் கீழாநெல்லியை நாடும்போது, பொருளின் உறையில் உள்ள எண்ணும் பெயருமே அவர்க்குக் கிடைக்கும் பொதுக் காப்பு.

இதன் விளைவு உயிர் சார்ந்தது. ஹெபடைட்டிஸ்-பி வைரசைச் சுமப்போர்க்குக் கல்லீரல் இறுக்கமும் புற்றுநோயும் ஆண்டுகள் கழித்து, முன்னறிகுறி இன்றி வரக்கூடும். இன்று அதற்கு நிலைபெற்ற வைரசு எதிர்ப்பு மருந்துகளும் தடுப்பூசியும் உள்ளன. 1988ஆம் ஆண்டின் செய்தியை மட்டும் நினைவிற்கொண்டு, பின்னைய 20 ஆண்டுகளின் செய்தியை அறியாது ஒருவர் மருத்துவக் கண்காணிப்பைக் கைவிடுவாராயின், அப்பிழையில் வரலாற்றைப் பாதியில் நிறுத்திச் சொன்னோர்க்கும் பங்குண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுபவை பின்வருமாறு:

• கீழாநெல்லியின் பயன் பற்றிய சோதனை, மூலிகையின் அடையாளம் நிறுவப்படும் முன்னரே நடந்தது. முரண்பட்ட முடிவுகளுக்கு இது ஒரு காரணம். முழுக் காரணம் அன்று.

• ஹெபடைட்டிஸ்-பி வைரசைச் சுமப்போரிடமிருந்து அதனைக் கீழாநெல்லி நீக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இன்றில்லை. காமாலைக்கு மரபு கூறும் முறையான பயன்பாடோ இச்சோதனைகளில் ஆராயப்படவில்லை.

• தமிழ் மூலிகைப் பெயர் பண்பு சுட்டும் குழுப்பெயராக இருத்தல் கூடும். ஒவ்வொரு பெயருக்கும் உரிய இனங்கள், ஏட்டுச் சான்று, வட்டார வழக்கு, உலர்மாதிரி, வேதிக் குறிப்பொருள் ஆகியவற்றை ஒருங்கே தரும் பெயரகராதி தேவை.

• அத்தகைய அகராதிக்கு ஏட்டுச்சுவடிப் புலவர், தாவரவியலாளர், சித்த மருத்துவர், வேதியியலாளர் ஆகியோர் சேர்ந்து உழைத்தல் வேண்டும். தமிழகம், ஈழம், கனடா ஆகிய மூவிடத்தும் தமிழியல் துறைகள் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

கோமன் காலத்து வைத்தியர்கள் மருந்தை முறையிலிருந்து பிரிக்க வேண்டா என்றனர். அக்கோரிக்கை சோதனையை மறுப்பதாக அன்று கொள்ளப்பட்டது. கீழாநெல்லியின் வரலாற்றை நோக்கின், அது சோதனையைச் செம்மையாக அமைப்பதற்கான நிபந்தனையாகவும் கொள்ளத்தக்கது. எந்தச் செடி, எந்த நோய்நிலை, எந்தச் செய்முறை என்னும் மூன்றும் நூலாலும் ஆய்வாலும் ஒருசேரத் தெளிவுபட்ட பின்னர் நடத்தப்படும் சோதனையின் முடிவு, எதுவாயினும், மரபினர் ஏற்கத்தக்கதாக அமையும்.